உட்காருங்க வாப்பா

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்க அண்ணாச்சி. காற்று பட்டால் எனக்குக் கண் சொருகிவிடும். சொருகினால் பக்கத்துத் தோளில்தான் சாய்வேன். ஒரு தடவை இதே தென்காசி வண்டியில் ஒரு போலீஸ்காரர் தோளில் சாய்ந்துவிட்டேன். மனுஷன் ஆலங்குளம் வரைக்கும் அசையாமல் வந்தார். ராத்திரி வேலை எனக்கு. ரொட்டிக் கம்பெனியில் அடுப்படி. நேரே அங்கேயிருந்துதான் வருகிறேன். மேலே புளித்த மாவு வாசம் அடிக்கும், பொறுத்துக்கோங்க. குளித்தாலும் போகாது அது.

நீங்கள் தென்காசியா? நல்லது. நான் இறங்குவது ஆலங்குளம் தாண்டி ஒரு சின்ன ஊரில். ஒரு அசரத்தைப் பார்க்கணும். அசரத்து என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிற வாத்தியார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கூல் விட்டு வந்ததும் எங்கள் ஊர் மேலப்பாளையத்தில் தெருத்தெருவாகப் பார்க்கலாம், பொட்டைப்பிள்ளைகள் முக்காடும் பையன்கள் தொப்பியுமாக மதரசாவுக்கு ஓடும். ஒரு மணி நேரம் குர்ஆன் ஓதிவிட்டு வரும். இந்த அசரத்து எங்கள் தெருவில்தான் ஓதிக்கொடுத்தார். இல்யாஸ் என்று பெயர். சின்ன வயசு, இன்னும் தாடிகூட ஒழுங்காக அடர்ந்து வரவில்லை. இப்போது எங்கள் தெருவில் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டால், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் ஒன்று. நான் கோபக்காரன் இல்லை. கம்பெனியில் என்னை ‘அடுப்பு’ என்று கூப்பிடுவான்கள், அது பார்க்கிற வேலையை வைத்து. என் வீட்டுக்காரி ஜலீலா சொல்லுவாள், “நீங்க கோவக்காரர் இல்லங்க. உங்களச் சுத்தி இருக்கிறவங்கதான் சத்தக்காரங்க.” நையாண்டிதான். ஆனால் அதில் நியாயமும் இருக்கு. ராத்திரி முழுக்க நெருப்பு முன்னால் நிற்கிறவன் பகலில் தூங்கணுமா இல்லையா? உலகம் பகலில்தான் குக்கர் வைக்கிறது, பகலில்தான் அம்மி நகர்த்துகிறது, பகலில்தான் பழைய பேப்பர்காரன் வருகிறான். ஒருத்தன் தூங்குகிறான் என்று யாருக்கு அக்கறை? ரெண்டு சத்தம் போடத்தான் செய்வேன். அது கோபமா?

என் மகள் ருமைஸா. நாலாங்கிளாஸ். ஒரே பிள்ளை. நல்ல பிள்ளை, அதை நான் சொல்லக்கூடாது. நான் தூங்கும்போது வீட்டுக்குள் பூனை மாதிரி நடக்கும். கொலுசு வாங்கிக் கொடுத்தேன், வாப்பா எந்திரிச்சிருவாங்க என்று கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டது. நான் கழற்றச் சொல்லவில்லை. அதுவாகக் கழற்றினது.

சரி, அசரத்துக்கு வருகிறேன்.

எங்கள் காலத்தில் ஓதிக்கொடுத்த லெப்பை கையில் பிரம்பு இருக்கும். ஒரு எழுத்தைத் தொண்டையிலிருந்து எடுக்காமல் நாக்கிலிருந்து எடுத்தால் முட்டிக்குக் கீழே ஒன்று விழும். நான் வாங்காத அடியா? அதனால் நான் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. என்ன, சிரிக்கிறீங்க? கெட்டா போனேன்? இந்த இல்யாஸ் அசரத்து வந்த முதல் நாளே பிரம்பைத் தூக்கி ஒட்டடைக் கம்போடு சேர்த்துக் கட்டிவிட்டார். எட்டாத இடத்து ஒட்டடைக்கு ஆகுமாம். அதோடு விட்டாரா? ஓதுகிறதுக்கு முன்னால் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, “இன்னைக்கு உங்க கல்பு எப்படி இருக்கு?” என்று ஒவ்வொன்றாகக் கேட்பாராம். கல்பு என்றால் இருதயம். உள்ளம். அதை ஒவ்வொரு பிள்ளையும் அவர் காதில் வந்து ரகசியமாகச் சொல்லணுமாம்.

செருப்புக்குள்ள கல்லு கெடக்க மாதிரி இருக்கு என்று ஒரு பிள்ளை சொல்லுமாம். பம்பரம் மாதிரி சுத்துது என்று ஒன்று. எங்கள் எதிர்வீட்டுப் பையன் ஒருத்தன், தினமும் “பசிக்குது அசரத்து” என்பானாம். “அது கல்பு இல்லடா, வயிறு” என்று இவர் சொல்ல, “ரெண்டும் பக்கத்துல பக்கத்துலதான் அசரத்து இருக்கு” என்றானாம். ருமைஸா வீட்டில் வந்து அவனை மாதிரியே நடித்துக் காட்டும். ஜலீலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். நானும் சிரித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. படுக்கையில் இருந்தபடி, போர்வைக்குள்.

ஆனாலும் எனக்கு ஒரு உறுத்தல். பிள்ளையை அனுப்புவது ஓதுகிறதுக்கு. உள்ளத்தைக் கழுவிக் காயப்போடுகிறதுக்கா?

அவர் சொல்லுவாராம், மார்க்கம் நாக்கில் ஆரம்பிக்கிறதில்லை, கல்பில் ஆரம்பிக்கிறது என்று. ஒரு சின்னப் பையன் வளர்த்த குருவி செத்துப்போனதற்கு நபி அவர்கள் அந்தப் பையனிடம் குருவியைப் பற்றி விசாரித்தார்கள், உங்க வீட்டுல யாருக்காவது மனசு சரியில்லைன்னா நீங்களும் பக்கத்துல போய்க் கேக்கணும் என்பாராம். கோபம் வந்தால் அதற்குக் கீழே வேறு எது ஒளிந்திருக்கு என்று பார்க்கணுமாம். பயமா, வெட்கமா, பொறாமையா. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், குழம்பில் உப்பு இல்லை, தட்டைத் தள்ளினேன். இந்தப் பிள்ளை என் முகத்தையே பார்த்துவிட்டுக் கேட்கிறது, “வாப்பா, உங்க கோவத்துக்குக் கீழ என்ன இருக்கு?”

“தூக்கம் இருக்கு, போ” என்றேன்.

வேறு என்ன சொல்ல? என்ன இருந்தது என்று எனக்குத் தெரியுமா?

அப்புறம் அந்தப் பாடம் வந்தது. நபி சொல்லிக்கொடுத்தது, எங்களில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நின்றுகொண்டிருக்கும்போது கோபம் வந்தால் உட்கார்ந்துவிடணும். உட்கார்ந்தும் போகவில்லையென்றால் படுத்துவிடணும். சின்ன வயசில் நானும் மனப்பாடமாக ஒப்பித்தவன்தான். நாங்கள் ஒப்பித்ததோடு சரி. இவர் அதைப் பிள்ளைகளை வைத்துச் செய்ய வைத்தார். ஒருத்தன் பென்சிலைப் பிடுங்கணும், இன்னொருத்தன் சட்டென்று உட்காரணும். மறுபடியும் பிடுங்கணும், அவன் படுத்துவிடணும். மதரசா முழுக்கப் பிள்ளைகள் படுத்துக் கிடக்கும். அந்தப் பக்கம் போன மீன்காரர் ஒருத்தர் எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன அசரத்து, சாப்பாட்டுல ஏதும் ஆகிப்போச்சா?” என்று பதறிப்போய்க் கேட்டாராம்.

அதற்கு அடுத்த நாள் ஸ்கூல் லீவு, மத்தியானம் நான் படுத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஜலீலா எவர்சில்வர் குடத்தைக் கீழே போட்டுவிட்டாள். தண்ணீர் நிறைந்த குடம் இல்லை, காலிக் குடம். காலிக் குடம் உருண்டால் என்ன சத்தம் வரும் என்று உங்களுக்குத் தெரியும். நான் எழுந்து வந்து ரெண்டு வார்த்தை கேட்டேன். ரெண்டு என்றால் ரெண்டு இல்லை, கொஞ்சம் கூட இருக்கும். அவள் வாப்பா வீட்டையும் சேர்த்துத்தான் கேட்டேன். பக்கத்து வீட்டு மாமி சுவர் மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்போது இந்தப் பிள்ளை ஒரு தம்ளரில் தண்ணீரைக் கொண்டுவந்து என் முன்னால் நின்று, “வாப்பா, உக்காருங்க” என்றது.

நான் உட்காரவில்லை.

“உக்காருங்க வாப்பா.”

நான் என்ன சொன்னேனோ. அதற்கு அது, ரொம்பப் பதமாக, நோயாளிக்குச் சொல்லுகிற மாதிரி, “அப்பம் படுத்துக்கோங்க வாப்பா” என்றது.

படுத்திருந்தவனைத்தானே எழுப்பிவிட்டிருக்கிறார்கள். ஜலீலா சிரித்துவிட்டாள். சிரிக்கணும் என்று சிரிக்கவில்லை, வாயைப் பொத்தத்தான் பார்த்தாள், வந்துவிட்டது. சுவர் மேலே அந்த மாமியும் சிரித்தாள்.

கை பட்டுவிட்டது.

அடிக்கவில்லை அண்ணாச்சி. கை பட்டது. வித்தியாசம் இருக்குல்லா? அடிக்கணும் என்று ஓங்கினால்தான் அடி. அடுப்படிக் கை, தடித்த கை, லேசாகப் பட்டாலும் பிள்ளைக் கன்னத்தில் கூடுதலாகத் தெரியும். தம்ளர்தான் தூரப் போய் விழுந்தது. பிள்ளை அழவில்லை. என்னையே பார்த்தது. அப்புறம் உட்கார்ந்து துணி எடுத்துத் தண்ணீரைத் துடைத்தது. நான் போய்ப் படுத்துக்கொண்டேன். தூங்கினேனா என்று கேட்காதீர்கள்.

மறுநாள் சாயங்காலம் தொழுகை முடிந்து அசரத்து வீட்டுக்கு வந்துவிட்டார். பிள்ளை காதில் சொல்லியிருக்கும் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. வாசலில் நின்று சலாம் சொன்னார். முகத்தில் ஒரு சிரிப்பு. “செய்யதலி காக்கா, கொஞ்சம் உக்காந்து பேசலாமா?” என்றார்.

பார்த்தீர்களா? என்னைப் பார்த்து உட்காரச் சொல்லுகிறார். என் வீட்டு வாசலில் வைத்து. எல்லாம் தெரிந்துகொண்டு, பிள்ளைகளுக்குச் சொன்ன பாடத்தை எனக்கே நடத்துகிறார். ஜலீலா அப்புறம் சொன்னாள், “ஏங்க, வீட்டுக்கு வந்தவர் உக்காந்து பேசுவோம்னு சொல்றது எல்லாரும் சொல்றதுதான. அவர் கால் வலிக்குதுன்னுகூட இருக்கும்.” இருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு அப்படிப் படவில்லை. “எங்க வீட்டுல உக்காரணுமா வேண்டாமான்னு நாங்க முடிவு பண்ணுவோம், நீங்க ஓதிக்கொடுக்க வேலைய மட்டும் பாருங்க” என்று கதவைச் சாத்தினேன். கதவுக்கு வெளியே அவர் கொஞ்ச நேரம் நின்றிருப்பார் போல. செருப்புச் சத்தம் உடனே கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் எழுந்து நின்று பிராது வைத்தேன். பள்ளிவாசல் தலைவர் முத்தவல்லி, நிர்வாகிகள், தெரு ஆட்கள் எல்லோரும் இருக்கிறார்கள். நான் கையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அது எதற்கு அங்கே? பொதுவாகத்தான் சொன்னேன். “கல்பு கல்புன்னு சொல்லி நம்ம வீட்டு அந்தரங்கத்த எல்லாம் புள்ளைக வாயிலேர்ந்து புடுங்குறாரு” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஒவ்வொரு வாப்பாவும் தன் பிள்ளை என்ன சொல்லியிருக்கும் என்று யோசிக்கிறான், முகத்தில் தெரிகிறது. அப்புறம் பாருங்கள், இரைச்சல். எங்கள் தெருவில் சாக்கடை மூடி போடுகிறதுக்குக்கூட அப்படி ஒற்றுமையாக நின்றதில்லை. ஆமா ஆமா, இது என்ன புதுப் பழக்கம், யார் கேட்டது, என்று ஆளாளுக்கு.

முத்தவல்லி கேட்டார், “புள்ளைக உங்ககிட்ட என்னதான் சொல்லுதுக அசரத்து? சொல்லுங்க, கேப்போம்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் தூணைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் அண்ணாச்சி. ‘இவர் மகள் கன்னத்தைப் போய்ப் பாருங்கள்’ என்று ஒரு வார்த்தை. கூட்டம் அப்படியே என் பக்கம் திரும்பியிருக்கும். நான் அதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தேன். பதில்கூட யோசித்து வைத்திருந்தேன், கை பட்டது என்று. அவர் சொன்னது இதுதான்: “அது புள்ளைக என்கிட்ட அடைக்கலமாக் கொடுத்தது. சொல்ற உரிமை எனக்கு இல்ல.”

சொல்லியிருக்கலாம்ல? அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் எனக்கும் அவருக்கும் சரிக்குச் சரியாகப் போயிருக்கும். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று நிர்வாகிகள் சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெரு வழியாகத்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். தூங்குகிற மாதிரி இருந்தேன்.

இப்போது வேறு லெப்பை வந்திருக்கிறார். வயசானவர். ஒட்டடைக் கம்பிலிருந்து பிரம்பை அவிழ்த்துவிட்டார். மதரசா கப்சிப் என்று இருக்கு. நல்ல ஒழுக்கம். ருமைஸாவும் நன்றாகத்தான் ஓதுகிறது. எதிர்த்துப் பேசுகிறதில்லை, நையாண்டி இல்லை, நடித்துக் காட்டுகிறதில்லை. கேள்வியே இல்லை. எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கணும்.

ஆனால் பிள்ளைக்கு ஒரு நோக்காடு வந்துவிட்டது. தூக்கம். நான் எப்போது வீட்டுக்குள் வந்தாலும் பிள்ளை படுத்திருக்கும். காலையில் வேலை முடிந்து வந்தால் படுத்திருக்கும். சாயங்காலம் டீ குடித்துவிட்டு வந்தால் படுத்திருக்கும். சுவர்ப் பக்கம் திரும்பி, முழங்காலை மடக்கி. கூப்பிட்டால் கண்ணைத் திறக்காது. டாக்டரிடம் காட்டினேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார், ஒரு குறையும் இல்லை, கீரை கொடுங்க என்றார். லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கிக் கொடுத்தேன். எங்களில் நோய்நொடி என்றால் குர்ஆன் வசனம் ஓதித் தண்ணீரில் ஊதிக் கொடுப்பார்கள். அதையும் குடித்தது. குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

ஜலீலாவிடம் கேட்டால், “எனக்கு என்ன தெரியும்” என்கிறாள். என்னிடம் பேசும்போது அவள் பாத்திரம் தேய்க்கிறதை நிறுத்துகிறதே இல்லை இப்போது. நேற்று அவளாகச் சொன்னாள். “இல்யாஸ் அசரத்தப் போய்ப் பாருங்க. அவரு ஓதிக் கொடுத்தா எந்திரிக்கும்.” சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதுதான் இந்தப் பயணம். பாட்டில் பைக்குள் இருக்கு. பிள்ளைக்காக எங்கே வேண்டுமானாலும் போகலாம், யார் முன்னால் வேண்டுமானாலும் நிற்கலாம், அதில் எனக்கு மானம் ஒன்றும் போய்விடாது.

என்ன கேட்டீங்க? நான் இல்லாதபோதும் தூங்குமா என்றா?

அது தெரியாதே. நான் இல்லாதபோது நான் எப்படிப் பார்க்கிறது?

இல்லை, இருங்க. ஒரு நாள் பார்த்தேன். போன வாரம். செருப்பு வார் அறுந்துபோய் வெறுங்காலோடு வந்தேன், அதனால் நான் வருகிற சத்தம் இல்லை. கதவு பாதி திறந்திருந்தது. பிள்ளை நடு வீட்டில் நின்றுகொண்டு ஜலீலாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது, கையை ஆட்டி ஆட்டி. பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு. எத்தனை நாளாச்சு அந்தப் பல்லைப் பார்த்து. நான் அசையாமல் நின்றேன். அப்புறம் அது என்னைப் பார்த்துவிட்டது. அப்படியே நின்றது. அப்புறம் கீழே உட்கார்ந்தது. என்னைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் ஆச்சு. அப்புறம் படுத்துக்கொண்டது. அவ்வளவு நேரம் துள்ளிக்கொண்டிருந்த பிள்ளைக்குப் பாருங்கள், சட்டென்று எப்படி ஒரு தூக்கம்...

நீங்க என்ன நினைக்கிறீங்க அண்ணாச்சி? ஏதாவது சொல்லுங்க.

என்ன சொன்னீங்க?

கொஞ்சம் பொறுங்க.

இல்லை, மறுபடி சொல்ல வேண்டாம். கேட்டுவிட்டது.

அது எப்படி, ஒரு பிள்ளைக்கு இத்தனை நாளா கோபம் இருக்கும்? பெரியவர்களுக்கே ரெண்டு நாளில் ஆறிவிடும். எனக்கெல்லாம் ஒரு பீடி இழுத்தால் போய்விடும். நாலாங்கிளாஸ் படிக்கிற பிள்ளை. வாப்பா வருகிறபோதெல்லாம் கோபம் வந்து, வருகிறபோதெல்லாம் உட்கார்ந்து, உட்கார்ந்தும் போகாமல்... ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருக்கலாம். தட்டைத் தள்ளியிருக்கலாம். அதெல்லாம் எங்கள் வீட்டில் நடக்காததா? சொல்லிக்கொடுத்தபடியே செய்திருக்கு பாருங்கள். ஒரு நாள் விடாமல்.

தெரியாதா உனக்கு என்கிறீர்களா? அடுப்பு முன்னால் நிற்கும்போது சில நேரம் தெரிகிற மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்தால் தெரியாமல் போய்விடும். ஜலீலாவுக்குத் தெரியும். அவள் பார்த்த பார்வை அதுதான். தண்ணீருக்கா அனுப்பியிருக்கிறாள் என்னை?

படுத்தும் கோபம் போகவில்லை என்றால் அப்புறம் என்ன செய்யணும் என்று ஏதோ உண்டு. சின்ன வயசில் ஒப்பித்ததுதான், அதற்கு மேல் ஞாபகம் இல்லை. அவரிடம் கேட்கணும். பிள்ளைக்காக இல்லை. பிள்ளை தன் பாடத்தைச் செய்துவிட்டது. யார் மேல் கோபமோ அவன் என்ன செய்யணும் என்று கேட்கணும்.

எங்களில் மாப்புக் கேட்கிற வழக்கம் உண்டு அண்ணாச்சி. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாகப் போய், தெரிஞ்சோ தெரியாமலோ நான் ஏதும் பண்ணியிருந்தா பொறுத்துக்கோங்க என்று கையைப் பிடிப்பார்கள். என் மாமனார் போகும்போது பத்து வருஷம் பேசாத பங்காளி வீட்டுக்கும் போனார். வாசலில் நின்றுகொண்டு அழுதார்கள் ரெண்டு பேரும். ஆனால் அதெல்லாம் பெரியவனும் பெரியவனும். அந்த வீட்டுப் பிள்ளைகள் கதவு ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்கும். அதுகளிடம் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. எப்படிக் கேட்கிறது? கையைப் பிடிக்கிறதா? அந்தக் கையைப் பிடிக்க என் கையைக் கொண்டுபோனால் அது பயந்துவிடாதா?

உங்கள் ஆட்களில் எப்படி? உங்களுக்குப் பிள்ளைகள் இருக்குல்லா? பையன்தானா. பெரியவனா ஆயிட்டானா. சென்னையிலா இருக்கான். சரி, பேசுவானா?

ஓ.

சின்ன வயசில் அவனிடம் நீங்கள் எப்படிக் கேட்டீர்கள், ஏதாவது கை, ஏதாவது வார்த்தை கூடிப்போனால்? சொல்லுங்க, நான் அப்படியே சொல்லிப் பார்க்கிறேன்.

ஜன்னல் பக்கம் ஏன் திரும்பிட்டீங்க அண்ணாச்சி? தப்பாகக் கேட்டிருந்தால் மன்னிச்சுக்கோங்க. வாயடிக்கிறவன் நான்.

அந்தா, பள்ளிவாசல் மினாரா தெரியுது. என் ஸ்டாப் வந்துவிட்டது. கண்டக்டர், நிப்பாட்டுங்க, இறங்கணும்.

அண்ணாச்சி, நான் வாறேன். அவரிடம் ரெண்டு பேருக்கும் சேர்த்தே கேட்டு வைக்கிறேன். திரும்பி வருகிறபோது நீங்கள் இந்த வண்டியில் இருக்கப்போவதில்லை. இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.